பள்ளிக்கூட கேட்டின் பச்சை

ஜூன் 4
கடற்கரை விடுதி

அன்புள்ள டீச்சர் அம்மாவுக்கு,

உன் சிவப்புப் பையும் நானும் சேதமில்லாமல் வந்து சேர்ந்தோம். யார் யாரைச் சுமந்து வந்தது என்பதில் மட்டும் இன்னும் தகராறு. பஸ்ஸை விட்டு இறங்கி, பையை முதுகில் மாட்டி நிமிர்ந்தேன் பார், அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து, மல்லாந்த கரப்பான் மாதிரி கைகாலை ஆட்டிக்கொண்டு கிடந்தேன். இரண்டு பேர் வந்து தூக்கி நிறுத்தினார்கள். திறந்து பார்த்தால் உன் அம்மா எனக்குத் தெரியாமல் உள்ளே ஒரு தலையணையும் இஸ்திரிப் பெட்டியும் வைத்திருக்கிறாள். கடற்கரையில் நான் எந்தக் கல்யாணத்துக்குப் போகப் போகிறேன் என்று அவளைக் கேட்டுச் சொல்.

விடுதியில் ஒரே அறையில் எட்டுப் படுக்கை, ஒன்றன்மேல் ஒன்றாக. மற்ற ஏழிலும் இருபது வயசுப் பிள்ளைகள். எனக்கு மேல் படுக்கைதான் வாய்த்தது. பதினோரு மாசமாக ஊர் சுற்றுகிற ஒரு பெண் கீழே இருந்து கேட்டாள்.

"நீங்க எதுக்கு அங்கிள் வந்தீங்க?"

"என் பொண்ணுக்குப் பதிலா வந்தேம்மா. அவளும் மாப்பிள்ளையும் நாலு வருஷமா திட்டம் போட்ட பயணம். இப்ப மாசமா இருக்கா. குழந்தை முன்னாடியே வந்துடக் கூடாதுன்னு டாக்டர் கர்ப்பப்பை வாயில தையல் போட்டு, கட்டிலைவிட்டு இறங்கக் கூடாதுன்னுட்டார். 'நீங்க போய்ப் பார்த்து எழுதுங்கப்பா'ன்னா, கிளம்பி வந்துட்டேன்."

"அப்ப ஆள் மாறாட்டம்!" என்றாள். அறையே சிரித்தது.

சரி, கடலுக்கு வருகிறேன். ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் டிவியில்தானே பார்த்திருக்கிறேன். அது ஒரு பெட்டிக்குள் அடங்குகிற சாமான் என்றே நினைத்திருந்தேன். மணல்மேடு ஏறினேன். ஏறி முடித்ததும் எனக்கு முன்னால் நிலம் தீர்ந்துபோயிருந்தது. அதற்குமேல் அவ்வளவும் அதுதான். இடது பக்கம் பார்த்தேன், அது. வலது பக்கம், அது. "ஐயோ" என்றுதான் வாயில் வந்தது. நல்லதுக்கும் ஐயோ சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீ கேட்டபடி கலருக்கு வந்தேன். நம் பெயிண்ட் கடைக் கலர் அட்டையில் நீலம் மட்டும் நாற்பத்தொன்று இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கடலுக்கு நேரே பிடித்தேன். ஒன்று சேர்ந்த மாதிரி வந்தது. அட்டையை இறக்குவதற்குள் மேகம் நகர்ந்து கடல் வேறு கலருக்குப் போய்விட்டது. 'ரெண்டு வருஷம் கழிச்சு வந்தாலும் இதே கலர் கலந்து தருவேன்' என்று முப்பத்தோரு வருஷமாக வாடிக்கைக்காரர்களிடம் சத்தியம் பண்ணினவன் நான். இங்கே இரண்டு நிமிஷத்துக்குக்கூட வாக்குக் கொடுக்க முடியவில்லை. ஆனாலும் எழுதிக்கொள்: வெள்ளை இருபது பங்கு, நீலம் இரண்டு, பச்சை ஒன்று, மஞ்சள் ஊசிமுனை அளவு. காலை ஒன்பதேகாலுக்கு, கரையிலிருந்து முப்பதடி வரைக்கும்தான் இது செல்லும்.

அட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கரையில் கழற்றி வைத்த செருப்பைக் கடல் எடுத்துப் போய்விட்டது. இவ்வளவு காட்டியதற்குக் கூலியாக வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ போட்ட விதிப்படி போன் பண்ணவில்லை. 'போன் வந்தா கெட்ட செய்தி. வராதவரைக்கும் எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்' என்று சொல்லி அனுப்பினாய். ஞாபகம் இருக்கிறது. இங்கே வரவேற்பு மேசையில் ஒரு கறுப்புப் போன் இருக்கிறது. இருபத்தைந்தாவது வாரம் தொடங்கியிருக்கும்.

அப்பா

*

ஜூன் 9
வீடு

அப்பா,

உங்கள் கலர் வந்து சேர்ந்தது. உங்கள் மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, நாலு டப்பா வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து ஏதோ மருந்து தயாரிப்பவர் மாதிரி சொட்டுச் சொட்டாகக் கலந்தார். ஒரு பலகையில் அடித்து, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, வாடை போன பிறகு எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தியிருப்பதால் எனக்குத் தலை கீழே, கால் மேலே. என் கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் கடல் தெரிகிறது.

இஸ்திரிப் பெட்டி விஷயத்தை அம்மாவிடம் கேட்டேன். "கசங்கின சட்டையோட போனா உலகம் அவரை என்னன்னு நினைக்கும்?" என்கிறாள்.

அடுத்து நீங்கள் போவது காடு. அப்பா, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எட்டு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறேன். மழைக்காடு என்பது எங்கள் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம், ஒரு படம். போன வருஷம் ஒரு பிள்ளை எழுந்து, "உள்ள போய் நின்னா எப்படி டீச்சர் இருக்கும்?" என்று கேட்டது. "இருட்டா இருக்கும், ஈரமா இருக்கும், படத்தைப் பாரு" என்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இந்தப் பயணத்தில் காட்டுக்கு மட்டும் பத்து நாள் வைத்தேன். வழிகாட்டியோடு உள்ளே மூன்று நாள் நடை. பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன். போய் நில்லுங்கள். நின்றுவிட்டு எழுதுங்கள்.

வியாழனோடு இருபத்தாறு வாரம். போன இரண்டு தடவையும் நான் இருபத்தாறைப் பார்த்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வரைக்கும் உள்ளே இருந்துவிட்டால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார் டாக்டர். இன்னும் ஆறு வாரம். எதிரே கடல் இருக்கிறது. பார்த்துக்கொண்டே கிடந்துவிடுவேன்.

*

ஜூன் 15
காட்டு விடுதி

அன்புள்ள மகளுக்கு,

நலம். நீ சொன்னபடி காட்டுக்குள் சென்று வந்தேன். காடு மிகவும் அழகாக இருந்தது. வானளாவிய மரங்கள் ஓங்கி வளர்ந்திருந்தன. பறவைகள் இனிமையாகப் பாடின. அருவிகள் சலசலவென்று ஓடின. எங்கு பார்த்தாலும் பசுமை. பச்சைக் கம்பளம் விரித்தது போல் கண்ணுக்குக் குளிர்ச்சி.

காட்டின் கலர்: மஞ்சள் மூன்று பங்கு, நீலம் ஒன்றரை, கறுப்பு கால், வெள்ளை அரை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

*

ஜூன் 20
வீடு

அப்பா,

மஞ்சள் மூன்று, நீலம் ஒன்றரை, கறுப்பு கால், வெள்ளை அரை. மாப்பிள்ளை பாதி கலக்கும்போதே நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அது காடு இல்லை அப்பா, எங்கள் பள்ளிக்கூட கேட். எட்டு வருஷமாகத் தினம் காலையில் அதில் கைவைத்துத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போகிறேன். அந்தக் கேட்டுக்குப் பெயிண்ட் கலந்து கொடுத்ததே நீங்கள்தான். உங்கள் கடையில் டிரம் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் நான். அட்டையைப் பார்த்து எழுதினால் எனக்குத் தெரியாதா?

பறவை இனிமையாகப் பாடியதாம், அருவி சலசலவென்று ஓடியதாம். ஆறாம் வகுப்பில் இப்படிக் கட்டுரை எழுதினால் பத்துக்கு இரண்டு போடுவேன்.

எனக்கு வருகிற கோபத்துக்குக் கட்டிலைவிட்டு இறங்கி நடந்தால் நன்றாக இருக்கும். அதற்கும் வழியில்லை. ஆகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உங்களை அனுப்பினது கடலுக்காகவும் காட்டுக்காகவும் மட்டும் இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவோரம் வந்து நின்று என்னைப் பார்ப்பீர்களே, ஈரம் கோத்த சுவரைப் பார்க்கிற மாதிரி. எப்போது உதிரும், எங்கே உதிரும் என்று. அந்த முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு இறுகியது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்னால் முப்பத்திரண்டு வாரம் போக முடியாது என்றுதான் உங்கள் தோளில் பையை மாட்டி அனுப்பினேன். அம்மாவுக்கும் தெரியும்.

போய்விட்டு நிஜமாகப் பார்த்து எழுதுவீர்கள் என்று நம்பினேன். இங்கே எல்லாரும் எனக்கு இனிப்பாகப் பேசுகிறார்கள். "ஒண்ணும் ஆகாது", "நல்லா இருக்கே", "முகம் தெளிவா இருக்கு". ஒருத்தராவது உள்ளதை உள்ளபடி சொல்வார் என்று பார்த்தால், நீங்களும் கேட்டுக்கு அடித்த பெயிண்டை எனக்குக் காடு என்று அனுப்புகிறீர்கள்.

இருபத்தைந்தாம் தேதி வரை அந்த விடுதியில்தான் இருப்பீர்கள். பிறகு உங்கள் இஷ்டம்.

*

ஜூன் 28
காட்டு விடுதி

என் கண்ணுக்கு,

திட்டத்தைவிட மூன்று நாள் கூடத் தங்கிவிட்டேன். பத்துக்கு இரண்டு வாங்கினவன் மறுபரீட்சை எழுத வேண்டாமா?

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உன் கடிதம் வரும்வரைக்கும் நான் காட்டுக்குள் காலே வைக்கவில்லை. அட்டைப்பூச்சிக்குப் பயந்தேன் என்று எழுதலாம், நீயும் சிரித்துவிட்டு விட்டுவிடுவாய். நிஜம் அது இல்லை. காட்டுக்குள் மூன்று நாள் போன் கிடையாது. விடுதி மேசையில் ஒரு போன் இருக்கிறது. அது மணியடித்து நான் இல்லாமல் போய்விட்டால்? அதனால் அதற்கு எதிரே இருக்கிற பிரம்பு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடும் அங்கேயே. சமையல்காரர், "போன் உங்களுக்கு என்ன சொந்தமா?" என்று கேட்டார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படத்தைப் பார்த்துத்தான் காட்டை எழுதினேன், கலரை நம் கடை அட்டையைப் பார்த்து. ஊரில் உன் கதவுக்குக் காவல், இங்கே போனுக்குக் காவல். ஆள் எங்கே போனாலும் முகம் கூடவே வந்துவிட்டது. நீ சொன்ன முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். நீ அனுப்பினது சரிதான்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் வழிகாட்டியிடம், "நாளைக்குக் காலையில போலாமா?" என்றேன். நாற்பது வயசுப் பெண்மணி. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். அதிகம் பேச மாட்டார். என் பையைத் தூக்கிப் பார்த்து, இஸ்திரிப் பெட்டியை வெளியே எடுத்து, என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "என் சம்சாரம் வெச்சது" என்றேன். "நல்லவங்க" என்று சொல்லி மேசையில் வைத்தார்.

இனி எழுதுவது எல்லாம் நின்று பார்த்தது.

உள்ளே போனதும் முதலில் கலர் போய்விட்டது, கண்ணு. பச்சை என்று நாம் சொல்வது எல்லாம் மேலே, வெயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழே நமக்குக் கிடைப்பது காய்ந்த தேயிலை மாதிரி ஒரு வெளிச்சம். மரங்களுக்கு வேர் மண்ணுக்கு வெளியே, சுவர் மாதிரி, என் தலைக்கு மேலே வரைக்கும் எழும்பி நிற்கிறது. இரண்டு வேருக்கு நடுவில் ஒரு அறை. நம் கடையின் கலக்கும் அறையைவிடப் பெரிசு. நான் அதற்குள் போய் நின்று மேலே பார்த்தேன். அடிமரம் போகிறது, போகிறது, கழுத்து வலிக்கிறது, இன்னும் முதல் கிளையே வரவில்லை. பறவை பாடுகிறது என்று எழுதினேனே, ஒரு பறவையைக்கூட நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் எங்கேயோ மேல்மாடியில் குடித்தனம் நடத்துகிறது. ஒன்று ரம்பம் அறுக்கிற மாதிரி, ஒன்று கதவுக் கீல் மாதிரி.

இரண்டாம் நாள் மழை வந்தது. வந்தது என்று நான் சொல்கிறேன், என் மேல் ஒரு சொட்டு இல்லை. மேலே இரைச்சல், ஆயிரம் பேர் நடக்கிற மாதிரி. நான் கையை நீட்டிப் பார்த்தேன், காய்ந்த கை. வழிகாட்டி, "இருங்க, இறங்கி வரும்" என்றார். பத்து நிமிஷம் ஆயிற்று. இலைக்கு இலை தாவி, கொடி வழியாக, அடிமரத்தில் வழிந்து, கடைசியில் பூமிக்கு வந்தது. மேலே மழை நின்று வெகுநேரம் கழித்தும் கீழே பெய்துகொண்டிருந்தது. சட்டை பிழியப் பிழிய நனைந்து, வாயைத் திறந்தபடி நின்றேன்.

அதைவிட ஒன்று. வழியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று. நாலு இலை. மிதித்துவிடப் போனேன். வழிகாட்டி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பார்த்துங்க. அதுக்கு என் பையன் வயசு இருக்கும்."

"பையனுக்கு என்ன வயசு?"

"பதினாறு. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துலேருந்து பார்க்கிறேன், இதே உயரம்தான். மேல வெயிலுக்கு வழியில்ல. எப்பவாவது ஒரு பெரிய மரம் சாஞ்சா வெளிச்சம் விழும். அன்னிக்கு எழுந்துக்கும்."

"சாயவே இல்லைன்னா?"

"இருக்கும். சாகல பாருங்க. அது சும்மா நிக்கல, வேலை பார்த்துட்டுத்தான் இருக்கு."

அந்தக் கன்றின் முன்னால் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. அட்டைப்பூச்சி இரண்டு காலில் ஏறியது, ஏறட்டும் என்று விட்டேன். பதினாறு வருஷம். நாலு இலை. ஒரு இலையில்கூட வாட்டம் இல்லை. இது இப்படித் தாக்குப்பிடித்து நிற்கிறபோதா நான் பயந்தேன்? இதன் முன்னால் பயப்படுவதே மரியாதைக் குறைவு என்று தோன்றியது.

கலர் கேட்பாய். கலர் அட்டையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மாப்பிள்ளை இந்தப் பலகையைச் சும்மா விடட்டும்.

அந்த மூன்று நாளில் போன் ஞாபகம் எனக்கு எத்தனை தடவை வந்தது என்று கேட்டால், இரண்டு தடவை. பொய் சொல்லக் கூடாது, நாலு தடவை.

அப்பா

*

ஜூலை 5
வீடு

அப்பா,

மூன்று தடவை படித்தேன். ஒரு தடவை எனக்கு, ஒரு தடவை சத்தமாக அம்மாவுக்கு. மூன்றாவது தடவை வயிற்றின் மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு, யாருக்கென்று சொல்ல வேண்டுமா? மழை வருகிற இடத்தில் ஒரு உதை விழுந்தது. அடுத்த வருஷம் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "உள்ள போய் நின்னா எப்படி இருக்கும்னு கேட்டியே, உட்காரு" என்று சொல்லப் போகிறேன்.

பத்துக்கு ஒன்பது. கன்றின் இலை எந்த வடிவம் என்று எழுதவில்லை.

நீங்கள் உள்ளதைச் சொன்னீர்கள், நானும் சொல்கிறேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை வலி வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தேன். அம்மா போனைக் கையில் எடுத்துவிட்டாள். "அப்பா இந்நேரம் காட்டுக்குள்ள போயிருப்பார், விடு" என்றேன். மருந்தில் வலி நின்றது. தையல் பிடித்திருக்கிறது. திரும்பக் கட்டில், திரும்பச் செங்கல், ஊசி மட்டும் கூடுதல். இருபத்தொன்பதாவது வாரம் நடக்கிறது. பயமாக இருக்கிறது அப்பா. இதை இந்த வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து கதவோரம் நிற்காதீர்கள். திட்டத்தில் நகரம் பாக்கி இருக்கிறது. பத்தொன்பதாம் தேதி வரைக்கும் இருந்து பாருங்கள். கட்டடங்களைப் பார்க்க என்ன இருக்கிறது என்று நான்கூட முதலில் நினைத்தேன், அதையும் திட்டத்தில் போட்டது உங்கள் மாப்பிள்ளை. பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு வெளியிலிருந்து வருகிற காகிதம் வேண்டும்.

*

ஜூலை 17
நகரம், பஸ்ஸுக்குள்

என் கண்ணுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. தபாலைவிட நான் முந்தி வந்துவிடுவேன். கையில் கொடுத்துவிடுகிறேன். வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், கதை கெட்டுவிடும். பஸ் கிளம்ப இன்னும் முக்கால் மணி இருக்கிறது.

இன்றைக்குக் காலை பத்து மணிக்கு விடுதிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். வரவேற்பில் இருக்கிற அம்மாள், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பவர், "சார், உங்களுக்கு ஊர்லேருந்து போன்" என்று ரிசீவரை நீட்டினார்.

போன் வந்தால் கெட்ட செய்தி.

என்ன செய்தேன் தெரியுமா? காட்டில் பத்து நாள் போனுக்குக் காவல் இருந்த மகாவீரன், "நான் இல்லைன்னு சொல்லுங்க" என்றேன். அந்த அம்மாள் போனில், "அவர்தான் சார் சொல்றார், அவர் இல்லைன்னு" என்று சொன்னது தெரு வரைக்கும் காதில் விழுந்தது. நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

எங்கே போனேன் என்று தெரியாது. பாலம் ஒன்று, சுரங்கப்பாதை ஒன்று, செருப்புக் கடைகளாகவே ஒரு தெரு. எங்கே திரும்பினாலும் ஜனம். ஓர் இடத்தில் வரிசை நின்றது, நானும் நின்றேன். நகர்ந்தது, நகர்ந்தேன். கடைசியில் பார்த்தால் அறுபத்துமூன்று மாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் இருக்கிறேன். காது அடைத்தது. கதவு திறந்தது. நாலு பக்கமும் கண்ணாடி.

கண்ணு, கடலைப் பார்த்து ஐயோ என்றேன். காட்டில் வாயைத் திறந்தபடி நின்றேன். இங்கே இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கீழே ஊர் முடியவே இல்லை. ஜன்னல், ஜன்னல், ஜன்னல். கொடியில் துணி. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. எறும்பு மாதிரி பஸ், அதற்குள் எத்தனை தலை. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் பையனிடம், "ஒண்ணரைக் கோடிப் பேர்டா" என்றார்.

ஒன்றரைக் கோடி. அப்போதுதான் எனக்கு மண்டையில் இறங்கியது. இத்தனை பேரும் பிறந்தவர்கள். ஒருத்தர் விடாமல். ஒவ்வொருத்தருக்கும் ஒருத்தி படுத்துக் கிடந்திருக்கிறாள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதவுக்கு வெளியே எவனோ ஒருவன் என் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். செருப்புக் கடைக்காரர், போலீஸ்காரர், சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி அம்மாள், எல்லாரும் யாரோ பயந்து பயந்து காத்திருந்து வந்து சேர்ந்தவர்கள். இது எவ்வளவு பெரிய காரியம்! தினம் நடக்கிறது என்பதால் யாரும் தெருவில் நின்று வாயைப் பிளப்பதில்லை. பிளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இவர்கள் நடுவில் வராமல் போனவர்களும் இருப்பார்கள், நம் வீட்டு இரண்டு பேர் மாதிரி. அவர்களுக்கும் சேர்த்து அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பையனின் அப்பா, "உயரம் ஒத்துக்கலையா பெரியவரே?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

குடித்தேன். முகத்தைத் துடைத்தேன். எது வந்திருந்தாலும் நீ அங்கே அதோடு இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன் என்று உறைத்தது. இறங்கினேன். வழி கேட்டுக் கேட்டு இரண்டு மணிக்கு விடுதிக்கு வந்தேன்.

"எங்க சார் போனீங்க?" என்று அந்த அம்மாள் எழுந்தே விட்டார். "மூணு தடவை பண்ணிட்டார் உங்க மாப்பிள்ளை. எங்கிட்ட சொல்ல மாட்டேன், மாமாகிட்டதான் சொல்வேன்னு அடம். மூணாவது தடவை அவரால முடியல, சொல்லிட்டார். பொண்ணு. காலைல எட்டரைக்கு. ஒண்ணரைக் கிலோவுக்கு மேல இருபது கிராம். கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்காங்க, ஆனா மூச்சு தானாவே விடுதாம். அம்மாவும் நல்லா இருக்காங்க. உட்காருங்க, உட்காருங்க, தரையில இல்ல சார், நாற்காலில."

உடனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "யோவ், போன் வந்தா கெட்ட செய்தின்னு விதி இருக்குய்யா!" என்று கத்தினேன். "சந்தோஷத்துல மறந்தே போச்சு மாமா" என்கிறார்.

முப்பத்திரண்டு கேட்டார் டாக்டர். நீ முப்பத்தொன்று வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டாய். கட்டிலில் கிடந்தபடியே. நான் பார்த்துவிட்டு வந்ததெல்லாம் உனக்கு எழுதினேன், ஆனால் நீ செய்ததை எழுத என் எட்டாம் வகுப்புத் தமிழில் இடம் இல்லை.

பஸ் கிளம்பிவிட்டது. எழுத்து கோணினால் டிரைவரைத் திட்டு. கண்டக்டர் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

"எங்க இறங்கணும் பெரியவரே?"

இத்தனை வருஷம் இருந்த ஊர், பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது.

"என் பேத்தி ஊர்ல" என்றேன்.

மனுஷன் டிக்கெட்டைக் கிழிக்காமல் சிரித்துக்கொண்டே நிற்கிறார். பின்னால் நாலு பேர் இன்னும் வாங்க வேண்டும். அவசரம் இல்லையாம், யோசித்துச் சொல்லலாமாம்.